மூன்றாம் முறை கேட்க விடவில்லை

அந்த மனிதரைக் குளிப்பாட்டும் வேலை எனக்கு வந்தபோது முடியாது என்று சொல்லியிருக்கலாம். கொம்யூனில், அதாவது நகரசபையில், எங்களை முதியவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பு வேலைக்கு அனுப்பும் பெண் நல்ல மனத்தோடுதான் சொன்னாள். டோஸ்ட்ருப்பில் ஒரு தமிழ் முதியவர் இருக்கிறார், பக்கவாதம் வந்ததில் டேனிஷ் முழுவதும் போய்விட்டது, தாய்மொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது, நீ போனால் அவருக்குப் பெரிய ஆறுதல் என்றாள். திரையில் பெயரைப் பார்த்தேன். இளமையிலிருந்து நான் நெஞ்சில் வைத்திருந்த பெயர். சரி என்றேன். அவளுக்கு நன்றியும் சொன்னேன்.

நான் முதலில் டென்மார்க்குக்கு வந்தபோது இருபது வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. யூட்லாந்தில் ஓர் அகதி முகாமில் இருத்தி, ஒரு நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பொலிஸ் அதிகாரி, இந்தப் பக்கம் நான், நடுவில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஆள். எனக்கு முன்பே வந்து விசா எடுத்தவர். அவரைக் கண்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இராணுவம் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் வந்ததிலிருந்து தொடங்கினேன். நான் வேலி பாய்ந்ததை, எனக்குப் பின்னால் வந்த அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த சாரம் வேலிக் கதியாலில் மாட்டிக்கொண்டதை, நான் திரும்பிப் பார்த்தபோது அவன் ஓடு ஓடு என்று கையால் காட்டியதை, எல்லாம் சொன்னேன். அழுதேன், தண்ணீர் குடித்தேன், விட்ட இடத்திலிருந்து மறுபடி சொன்னேன். முடித்ததும் அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி இரண்டு வசனம் சொன்னார். பாஷை தெரியாதவனுக்கும் நீளம் தெரியும். அதிகாரி ஒரு வரி எழுதினார். மொழிபெயர்ப்பாளர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

என்னை அகதியாக ஏற்கவில்லை. பிறகு ஹம்பேர்க், றொட்டர்டாம், பாரிஸ். கள்ளமாக இருந்தேன். கோப்பை கழுவினேன், கோழி உரித்தேன், குழாய் திருத்துகிறவனுக்கு எடுபிடியாக நின்றேன். பாரிஸில் ஓர் உணவகத்தின் குசினியில், கையெல்லாம் சவர்க்கார நுரையோடு, அப்பா இறந்த செய்தியைக் கேட்டேன். சமையற்காரன் தொலைபேசியை என் காதோடு பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்த ஒரு பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டு திரும்ப இங்கே வந்தேன். கலியாணம் நிலைக்கவில்லை, விசா நிலைத்தது. இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அவர்களுக்கு யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாது. எனக்கு ஒரு முகம் தெரிந்திருந்தது.

அந்த முகம் இப்போது சக்கர நாற்காலியில் இருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மனைவி இறந்துவிட்டார். மகன் ஓகுஸிலிருந்து எப்போதாவது வருவான், வந்தால் டேனிஷில்தான் பேசுவான், அது இப்போது தகப்பனுக்கு வெறும் சத்தம். என்னைக் கண்டதும் கோணிப்போன வாயால் சிரித்தார்.

"தம்பி தமிழோ?"

நான் டேனிஷில் காலை வணக்கம் சொன்னேன்.

"தம்பி எவடம்? யாழ்ப்பாணமோ?"

சட்டையைக் கழற்ற வேண்டும், கையை உயர்த்துங்கள் என்று டேனிஷில் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நானே பிடித்து உயர்த்தினேன்.

அதுதான் என் பழிவாங்கல். அங்கே நின்ற நிலையில் தோன்றியது, ஆனால் வருடக்கணக்காக யோசித்து வைத்தது போலப் பொருந்தியது. உடம்புக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. தண்ணீரின் சூட்டை என் மணிக்கட்டில் பார்த்த பிறகுதான் அவர் மேல் ஊற்றுவேன். மடிப்புகளில் ஈரம் துடைத்து, குதிக்காலுக்குக் களிம்பு பூசி, முகம் வழித்து, சீப்பால் தலை இழுத்து விடுவேன். ஒரு தமிழ்ச் சொல் கொடுக்க மாட்டேன். அவர் என் சொற்களை எடுத்தார், நான் அவருடையதை எடுத்தேன். இதற்கு எந்த அலுவலகத்திலும் முறைப்பாடு கொடுக்க முடியாது. டென்மார்க்கில் டேனிஷ் பேசுவது குற்றமில்லை.

அவரிடம் போவதற்கு முன் ஒவ்வொரு காலையிலும் நான் போவது ஒரு யூத அம்மாவிடம். எண்பதைத் தாண்டியவர். வீட்டுக் கதவின் திறப்பு என்னிடம் இருக்கும். நான் உள்ளே போய் யன்னல் சீலையை விலக்கும்போதுதான் கண் விழிப்பார். விழித்ததும் அசையமாட்டார். கால் தரையில் படுவதற்கு முன் வாய்க்குள் ஏதோ சொல்வார். நான் கையில் காலுறையோடு நிற்பேன். முதலில் நோக்காடு என்று நினைத்து எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இருக்குது. இது வேறை. ராத்திரி கடவுளிட்டை என்ரை உயிரைக் குடுத்தனான், காலமை அவர் திருப்பித் தந்திருக்கிறார். வாங்கினதுக்கு ஒரு சொல்லுச் சொல்ல வேண்டாமோ?"

அவர் பேசியது டேனிஷ். நான் என் தமிழில் எழுதுகிறேன். டேனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் நீதான், ஆனால் என் மனத்தில் அவர் எப்போதும் நீங்கள்.

பாணைத் தொட்டால் நன்றி, தண்ணீர் குடித்தால் நன்றி, மழைக்குப் பிறகு வானவில் கண்டால் அதற்கென்று ஒரு தனி நன்றி. ஒரு நாளைக்கு நூறு தரமாவது சொல்ல வேண்டும் என்பது அவர்களின் வழக்கமாம். கக்கூஸிலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு, நடைவண்டியைப் பிடித்தபடி ஒன்று முணுமுணுப்பார். அது எதற்கு என்று கேட்டேன். உடம்புக்குள் திறக்க வேண்டியது திறந்து, மூட வேண்டியது மூடியிருப்பதற்காம். அதை நான் உடனே ஏற்றுக்கொண்டேன். குழாய் வேலையும் செய்தவன், வயோதிபர்களின் வயிற்றோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவன், அதில் ஒரு குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடுகளில் நன்றி என்ற சொல் புழங்குவதில்லை. அது மேடைச் சொல். சோறு போட்ட அம்மாவுக்கு நன்றி சொன்னால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். டேனிஷ்காரர் சாப்பாட்டுக்கும் நன்றி சொல்வார்கள், போன கிழமை சந்தித்ததற்கும் நன்றி சொல்வார்கள், ஆனால் அது கதவைச் சாத்துவது போல ஒரு பழக்கம். இந்த அம்மா சொல்லும்போது யாரோ எதிரில் நின்று வாங்கிக்கொள்வது போல இருக்கும்.

அவரை ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மா பிசைந்துகொண்டிருந்தார். கை நடுங்கும், ஆனாலும் பிசைவார், பின்னுவார், மாலையில் அவர்களின் ஓய்வுநாள் தொடங்கும்போது மெழுகுதிரி ஏற்றி அந்தப் பாணைத்தான் உடைப்பார். தெரு முனையில் நல்ல பேக்கரி இருக்கிறதே, நான் வாங்கி வரட்டுமா என்றேன்.

"அந்த வீட்டுப் பாண் என்ரை வாயிலை படாது."

கேட்டேன். போர்க்காலத்தில் அவர் சின்னப் பிள்ளை. ஜேர்மன்காரர் யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, சுவீடனுக்குப் படகில் தப்ப ஒரு கடலோர ஊரில் ஒளித்திருந்தார்கள். இவரின் குடும்பம் முதல் படகில் போய்விட்டது. அடுத்த படகுக்குக் காத்திருந்த சித்தப்பா குடும்பத்தை யாரோ காட்டிக்கொடுத்தார்கள். யார் என்று பிறகு ஊருக்கே தெரிந்தது. காட்டிக்கொடுத்தவரின் மகள்தான் பல வருடம் கழித்து இவர் தெருவில் பேக்கரி திறந்தாள்.

"மகள் என்ன செய்தவ?" என்றேன்.

"ஒண்டும் செய்யேல்லை. நல்ல மனுசி. ஒவ்வொரு நாளும் எனக்குக் கை காட்டுவா. நானும் காட்டுவன். பாண் வாங்கமாட்டன்." மாவைத் திருப்பிப் போட்டு அடித்தார். "பழி வாங்காதை, மனசிலையும் வைச்சிருக்காதை எண்டு எங்களுக்கு இரண்டு கட்டளை இருக்குது. முதலாவதைக் காப்பாத்திப்போட்டன். இரண்டாவதிலை இன்னும் வேலை நடக்குது."

அன்று முதல் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

என்னை ஒரு முறை சரியாக ஏசியிருக்கிறார். அவர்கள் வழக்கத்தில் இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது, அவர் குசினியில் இறைச்சிக்கு ஒரு இழுப்பு லாச்சி, பாலுக்கு ஒரு லாச்சி. கரண்டி, கத்தி, சட்டி எல்லாம் வேறு வேறு. எங்கள் வீட்டிலும் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறுதான், எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவசரத்தில் கோழிச் சூப் கரண்டியால் பால் தேத்தண்ணியைக் கலக்கிவிட்டேன். கழுவியாயிற்று, கொதிதண்ணீரில் போட்டாயிற்று, ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. "உனக்குக் கண் என்ன முதுகிலையோ?" என்று கத்தினார். நான் கரண்டியை ஒரு கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இலையுதிர் காலம் வந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பெரிய நோன்பு அவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் உண்டு. வைத்தியர் அவரிடம் குளிசையும் தண்ணீரும் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார், அதனால் அம்மா வைத்தியர் மேல் கோபமாக இருந்தார். நோன்புக்கு முன் பல நாட்கள் தொலைபேசியும் கையுமாக இருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு காலை காலுறை போட்டுக்கொண்டிருந்த என் தோளைத் தட்டினார்.

"அந்தக் கரண்டிக்கு உன்னைக் கேவலமாப் பேசிப்போட்டன். மன்னி."

"அதுக்கென்ன, பரவாயில்லை."

"பரவாயில்லை எண்டு சொல்லாதை. அது டேனிஷ் மரியாதை. மன்னிச்சனான் எண்டு வாயாலை சொல்லு. கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். உனக்குச் செய்ததை அவர் தொடமாட்டார், அது உன்ரை கையிலைதான் இருக்குது."

மன்னித்தேன் என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. ஆனால் என் மூளை வேறு இடத்தில் நின்றது.

"பிழை செய்தவன் வந்து கேக்காட்டி?"

"கேக்காட்டி நீ மன்னிக்கக் கடமையில்லை."

"சட்டமோ?"

"சட்டம்தான். ஏன் சிரிக்கிறாய்? உன்ரை முகம் இப்ப வடிவா இல்லை."

சிரித்தது உண்மை. நான் அறிந்த கோயிலும் சரி, முகாமில் வந்து பாட்டுப் பாடிய பாதிரிமாரும் சரி, மறந்துவிடு, விட்டுவிடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவையாக ஒரு கடவுள் என் பக்கம் நின்று வழக்கைக் கேட்டார். அந்தக் காலை நான் டோஸ்ட்ருப்புக்குச் சைக்கிளில் பறந்தேன். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்க மாட்டார். அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. நான் சாகும் வரைக்கும் பழி என் சொத்து.

அன்றைக்கும் டேனிஷில் காலை வணக்கம் சொன்னேன். குளிப்புக் கதிரையில் இருத்தி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"நீர் தமிழ்தான். எனக்கு நல்லாத் தெரியும். முந்தி ஒருநாள் சுடுதண்ணி உம்மடை கையிலை பட்டபோது அம்மா எண்டனீர்."

நான் அவர் கழுத்துக்குச் சவர்க்காரம் போட்டேன்.

"நீர் ஆர் எண்டு இப்பதான் பிடிபட்டது. முகாமிலை… அந்த நீளக் கதைக்காரப் பெடியன். வேலி பாய்ஞ்ச கதை."

என் கை நின்றுவிட்டது.

"கோவமா இருக்கிறீர். மன்னிச்சுக்கொள்ளும் தம்பி."

காலை உயர்த்துங்கள் என்று டேனிஷில் சொன்னேன். குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

அடுத்த கிழமை இரண்டாம் முறை கேட்டார். இந்த முறை காரணத்தோடு.

"உமக்கு மட்டும் எண்டு நினையாதையும். நான் எல்லாருக்கும் சுருக்கித்தான் சொன்னனான். ஒரு நாளைக்கு எத்தினை பேர். எல்லாற்றை கதையும் ஆமி, வேலி, ஓட்டம். பொலிஸ்காரனும் சுருக்கு சுருக்கு எண்டுவான். பின்னேர ரெயினையும் பிடிக்கோணும். என்ரை மகனுக்கு அப்ப நெடுகச் சுகமில்லை. எனக்கு உம்மோடை ஒரு பகையும் இல்லை, தம்பி. மன்னியும்."

பகை இல்லையாம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான வெறி வந்தது. ஹம்பேர்க் ரெயில் நிலையத்தில் படுத்தபோது, பாரிஸில் நுரைக் கையோடு நின்றபோது, அந்த மனிதர் என்னை வெறுத்தார் என்று நம்பியிருந்தேன். வெறுப்பாவது ஒரு மரியாதை. அவர் ரெயின் பிடித்திருக்கிறார். என் அண்ணன் வேலியில் மாட்டிய இடம் அவருக்கு வெட்டலாம் என்று தோன்றிய இடம். குளிர்தண்ணீர்க் குழாயின் பிடி என் இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு திருப்பு. கை அதன் மேல் போயும் விட்டது. பிறகு எடுத்துவிட்டேன். துவாயை எடுத்து அவரைப் போர்த்தி, எழும்புங்கள் என்று டேனிஷில் சொன்னேன்.

மறுநாள் யூத அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு தரம் கேட்டான், இரண்டு தரமும் மறுத்தேன், இனி நூறு தரம் கேட்டாலும் மறுப்பேன் என்றேன். அவர் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும் வரை சிரித்தார்.

"நூறு தரம் ஏன் கேக்கிறான்? மூண்டு தரம் கேட்டால் போதும். உண்மையா மூண்டு தரம் கேட்டு நீ மூண்டு தரமும் மறுத்தால், அவன்ரை பாரம் இறங்கிப்போகும். பிழை பிறகு உன்ரை பக்கம்."

"இதென்ன சட்டம்! ஆர் எழுதினது?"

"உன்னை மாதிரி ஆக்களைத் தெரிஞ்சவை எழுதினது."

"அப்ப உங்கடை பேக்கரிக்காரி?"

"அவ கேக்கேல்லை. அவவுக்குக் கேக்க ஒண்டும் இல்லை. தேப்பன் கேட்டிருக்கோணும், தேப்பன் செத்துப்போனார்." காலுறைக்காகக் காலை நீட்டினார். "உன்ரை ஆள் உயிரோடை இருக்கிறார். உனக்கு ஒவ்வொரு காலமையும் திருப்பித் தந்துகொண்டிருக்கிறார் கடவுள், அவரையும் உன்னையும். எதுக்குத் தாறார் எண்டு யோசி. நான் எழும்பினவுடனை நன்றி சொல்லிப்போட்டு யோசிக்கிறது அதைத்தான். திருப்பித் தந்தவர் ஏதோ ஒரு வேலைக்குத்தான் தந்திருப்பார்."

எனக்கு அந்த நேரம் வேலை எதுவும் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. மூன்றாம் முறை அவரைக் கேட்க விடக்கூடாது. கேட்டால் நான் மறுப்பேன், மறுத்தால் அவர் தப்பிவிடுவார். வேலையை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். எங்கும் நிலைக்காமல் பெட்டியைக் கட்டுவது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் எனக்குப் பதிலாக வருகிறவன் அவரோடு நல்ல தமிழில் கதைப்பான். அதை நினைக்கவே முடியவில்லை.

அன்று டோஸ்ட்ருப்பில் அவரைக் குளிப்புக் கதிரையில் இருத்தினேன். தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பினார்.

"தம்பி, என்னை…"

"வாயை மூடும்," என்றேன். தமிழில். "மன்னிப்பு ஒண்டும் கேக்கத் தேவையில்லை. முதல் நான் சொன்னதை முழுசாக் கேளும். இண்டைக்கு ரெயின் இல்லை."

நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு விளங்கும் முன்பே அவருக்கு அழுகை வந்துவிட்டது. வசவு என்றாலும் தமிழ். அதைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுது முடியட்டும் என்று நின்றேன். பிறகு தொடங்கினேன். விடியற்காலை, நாய்கள் குரைத்தது, ஒழுங்கை முனையில் ட்ரக் நின்றது. அன்றைக்கு ஒதுக்கிய நேரத்தில் நாய்களைத் தாண்ட முடியவில்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து. அவர் ஒரு முறை "அது தெரியும், மேலை சொல்லும்" என்றார். "தெரியாது. இருந்து கேளும்" என்றேன். ஒழுங்கையின் மணல் நிறத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

இப்போது நான் போகும்போது அவர் யன்னலைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்க்கிறார். தலை இழுத்து, சட்டைப் பொத்தான் ஒன்றைத் தானே திறந்து, ஆயத்தமாக இருக்கிறார். மகன் வந்தபோது, அப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், என்ன செய்தீர்கள் என்று டேனிஷில் கேட்டான். தண்டனை என்று தொடங்கினேன், மனிதர் கொழுக்கிறார். யூத அம்மாவிடம் முறையிட்டேன்.

"இது புண்ணியமோ பாவமோ?"

"எனக்குத் தெரியாது. கதை எவ்வளவு மிச்சம்?"

"ஹம்பேர்க்கே இன்னும் வரேல்லை."

"அப்ப போ. பிந்துது."

நேற்றுத்தான் வேலி பாய்ந்த இடம் வந்தது. நான் அவசரப்படவில்லை. வேலியை நான் எப்படிப் பாய்ந்தேன், எந்தக் கை கதியாலைப் பிடித்தது, எத்தனை இடத்தில் முள் கீறியது, எல்லாம் சொன்னேன். அண்ணனின் சாரம் மாட்டியதைச் சொன்னேன். அவன் கை காட்டியதைச் சொன்னேன். அவன் முகம் எப்படி இருந்தது என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை. அதையும் சொன்னேன். பிறகு தண்ணீரை நிறுத்தினேன்.

அவர் "பிறகு?" என்று கேட்கவில்லை. ஓடு பதித்த குளியலறைச் சுவரின் பக்கம் திரும்பி நிமிர்ந்து இருந்தார். அங்கே ஒரு மேசையும் அதிகாரியும் இருப்பது போல, தன்னை விட்டுப் போன டேனிஷில் என் கதையைச் சொல்லத் தொடங்கினார். நாக்கு உருளவில்லை. இராணுவம் என்ற சொல் வந்தது. அண்ணன் என்ற சொல் வந்தது. ஒழுங்கை வரவில்லை, தெரு என்றார். ஓடினான் வந்தது. வசனத்தை முடிக்காமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து எடுத்தார். ஒன்றையும் விடப் பார்க்கவில்லை. ஓரிடத்தில் நின்றுபோய் என்னைப் பார்த்தார்.

"வேலிக்கு… வேலிக்கு டேனிஷிலை என்ன சொல்லுறது, தம்பி?"

எனக்குத் தெரியும். இந்த நாட்டில் எத்தனையோ வேலிகளுக்கு நான் வர்ணம் அடித்திருக்கிறேன். சொல்லிக் கொடுக்கவில்லை. துவாயைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றேன். அடுத்த வீட்டில் எனக்காக ஒருவர் காத்திருப்பார், நான் பிந்திவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். குளிரும் என்று துவாயை அவர் தோளில் போட்டேன். தேடட்டும்.